தளும்பாத நடை

விசில் ஊதியதும் பிரிட்டோ செய்த முதல் காரியம் மற்றவர்களுக்கு வழி விட்டதுதான். கோட்டில் நின்ற இருபத்திரண்டு பேரில் இருபத்தோரு பேரும் முன்னால் போன பிறகே, தன் வலது கை விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை வானத்தைப் பார்த்து, வாங்க சார் இப்படி வாங்க என்று நீண்டிருப்பதைக் கவனித்தான். அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். பத்து வருஷ ஹோட்டல் பழக்கம். கதவு என்று ஒன்று இருந்தால் திறந்து பிடித்துக்கொள்வான், லிஃப்ட் வந்தால் கடைசியாக ஏறுவான், ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போதுகூடப் பின்வரிசைக்காரர்களையெல்லாம் முன்னால் அனுப்பிவிட்டு நிற்பான், ரோஸ்லின் முழங்கையால் விலாவில் இடிப்பாள், "ஃபாதர் அப்பத்தைத் தீர்த்துட்டு உள்ள போயிடப் போறாரு, நகருங்க." ஆயிரத்து அறுநூறு மீட்டர். நானூறு மீட்டர் வட்டத்தில் நாலு சுற்று. பதினைந்து நிமிஷம். நடக்க வேண்டும், ஓடக் கூடாது, ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஓடினால் எச்சரிக்கை, இரண்டாவது எச்சரிக்கை வந்தால் அப்படியே வாசலைப் பார்த்துப் போய்விட வேண்டும். எழுத்துத் தேர்வு முழுவதையும் தாண்டி வந்தவர்களை மத்திய அரசின் விசாரணைத் துறை கடைசியில் நடக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறது. நேற்று இட்லி ஊற்றிக்கொண்டே ரோஸ்லின் சொன்னாள், "திருடனைப் பிடிக்கிற வேலை. அதுக்கு ஓடக் கூடாதுன்னு பரீட்சை. திருடனும் கை கட்டிக்கிட்டு நடந்துதான் போவானாக்கும்?" அவளுக்கு எல்லாம் சிரிப்புதான், ஆனால் காலையில் நாலரைக்கு எழுந்து அவனுடைய ஷூ நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டவளும் அவள்தான், இப்போது வெளியே சாலைக்கு அந்தப் பக்கம், மூடிய மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருப்பாள், பையில் எலுமிச்சை ஜூஸ் பாட்டில், தான் வேலை பார்க்கும் லேபுக்கு ஒன்பது மணிக்குப் போனால் போதும் என்று நேற்றே சொல்லி வைத்திருக்கிறாள். வருகிற செப்டம்பரோடு விண்ணப்பிக்கும் வயது முடிகிறது. இந்தப் பதினைந்து நிமிஷம் கைவிட்டுப் போனால் திங்கட்கிழமை ஹோட்டலில் கறுப்புக் கோட்டு. ரெஸ்டாரண்ட் மேனேஜர். தோள் அளவு, கை அளவு எல்லாம் எடுத்துத் தைத்துக் கண்ணாடித்தாள் உறையில் தொங்கவிட்டிருக்கிறார்கள், போட்டும் பார்த்தாயிற்று, கச்சிதமாக இருக்கிறது, அந்தக் கச்சிதம்தான் பயமாக இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் அறுபது வயது வரை கழற்ற வேண்டிய அவசியமே வராது போல.

செம்மண் தடம். இரவு பெய்த தூறலில் மண் அடங்கி, மிதித்தால் பிஸ்கட் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். முன்னால் போகிற முதுகுகளில் எண்கள், முப்பத்தொன்று, நாற்பது, ஐம்பத்திரண்டு, அவன் முதுகில் நாற்பத்தேழு. மேசை எண்கள் மாதிரி இருக்கிறது, நாற்பத்தேழாம் மேசைக்கு என்ன வேண்டுமாம், நாற்பத்தேழுக்குப் பதினைந்து நிமிஷம் வேண்டுமாம், சமையலறையில் சொல்லுங்கள். கடைசியில் நடந்துகொண்டிருந்த ஆளை எட்டிவிட்டான். நாற்பத்தெட்டு. காலையில் வரிசையில் பக்கத்தில் நின்றவன், மாதேஸ்வரன், தருமபுரிக்காரன், கட்டட வேலைத்தளத்தில் இன்ஜினியராக இருந்தவன், வாய் மூடாதவன். இப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான். "பாஸு, அந்த இடது கைக்கு என்ன? அடிபட்டிருக்கா?" பிரிட்டோ குனிந்து பார்த்தான். இடது கை முழங்கையில் மடிந்து, விலாவோடு ஒட்டி, உள்ளங்கை மேலே பார்த்து அப்படியே நின்றிருந்தது. வலது கை மட்டும் வீசிக்கொண்டிருந்தது. "இல்ல, பழக்கம்." "என்ன பழக்கம்ங்க, கண்ணுக்குத் தெரியாத கோழிய இடுக்கிட்டுச் சந்தைக்குப் போற மாதிரி?" கோழி இல்லை. டிரே. ஹோட்டலுக்கு வந்த முதல் மாதம் பாலகோபால் சார் சமையலறைக்கும் காபி ஷாப்புக்கும் நடுவிலிருந்த நீள நடையில் அவனை நடக்க விட்டார், டிரேயில் ஒரு கோப்பை, விளிம்பு வரைக்கும் காபி. "ஓடினா எங்கயோ தீப்பிடிச்சிருச்சுன்னு கெஸ்ட் பயப்படுவான். மெதுவாப் போனா காபி ஆறிப்போகும். நடுவுல ஒரு வேகம் இருக்கு பாரு, அதைக் கண்டுபிடி. சாசர்ல ஒரு சொட்டு விழுந்தாலும் மறுபடி முதல்லருந்து." பதினோரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் கோப்பை அசையவில்லை. காபியின் மேல் குழல்விளக்கின் பிம்பம் கோடாக நின்றது, உடையவே இல்லை. அன்றைக்கு அவனுக்கு உண்டான சந்தோஷம் இருக்கிறதே, அப்புறம் கல்யாணத்தன்றைக்குத்தான் அப்படி. அந்த வேகம் உடம்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு மாதமாகக் கடற்கரையில் ரோஸ்லின் போனில் நேரம் பார்க்க, அவன் நடக்க, எவ்வளவு முக்கினாலும் பதினாலரை நிமிஷத்துக்குக் கீழே வரவில்லை. அதற்கு மேல் வேகமெடுக்கப் போனால் உள்ளே ஏதோ ஒன்று தளும்பப் போகிறது, தளும்பப் போகிறது என்று காலைப் பிடித்து இழுக்கிறது. "அதனால என்ன, பதினாலரைன்னா பாஸாயிடலாமே" என்றாள் ரோஸ்லின். பாஸ்தான், எல்லோருக்கும் வழிவிட்டு நிற்காவிட்டால். கோட்டருகே ஸ்டாப் வாட்சோடு நின்ற ஆள் கத்தினார், "மூணு அம்பது!" ஒரு சுற்றுக்கு மூன்றே முக்கால்தான் கணக்கு. ஐந்து விநாடி போயிற்று. பரவாயில்லை. ஐந்து விநாடி என்பது ஒரு மெனு கார்டைக் கொடுக்கிற நேரம்.

யாரையாவது ஒரு நாளாவது நிறுத்தியிருக்கிறாயா பிரிட்டோ. இந்தக் கேள்வி இரண்டாவது சுற்றின் முதல் வளைவில் வந்து ஒட்டிக்கொண்டது, எழுத்துத் தேர்வின் முடிவு வந்த நாளிலிருந்து இது இப்படித்தான், நெருஞ்சி முள் மாதிரி, எடுத்துப் போட்டால் அடுத்த எட்டில் மறுபடி ஏறுகிறது. வேலை கிடைத்துவிட்டால் ஒருவன் எதிரே வருவான், அவனைப் பார்த்து நில்லு என்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். ரோஸ்லின் திருடன், தோளில் தலையணை உறை, சமையலறையிலிருந்து அவள் பம்மிப் பம்மி வர, அவன் நிலைப்படியில் நின்று நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் தடிமனாக்கி, "மன்னிக்கணும், ஒரு நிமிஷம் நிக்க முடியுமா?" என்றான். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், விக்கல் வரும் வரை சிரித்தாள், "உக்காருங்க சார், திருடினதை அப்புறம் எடுத்துட்டுப் போலாம், முதல்ல சூப் சாப்பிடுங்கன்னு சொல்லுவீங்க போல." அவனும் சிரித்தான். ராத்திரி படுக்கையில் சிரிப்பு வரவில்லை. வாங்க என்று ஒரு லட்சம் தடவை சொல்லியிருப்பான், உட்காருங்க, நல்லா இருந்ததா, மறுபடி வரணும். போகாதே என்று ஒரு தடவைகூட இல்லை. ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டிய இடம் வந்தது. வேண்டாம், அது இப்போது வேண்டாம், அதை யோசித்தால் கால் கனக்கும், எதிரே பார், எதிரே வேப்பமரம், அதற்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறவர் பெரிய அதிகாரி, காலையில் வரிசையைப் பார்த்து விதிகளைச் சொன்னவர், வெள்ளைச் சட்டை, அடர்ந்த மீசை, கையில் பரீட்சை அட்டை. வலது பாக்கெட் புடைத்திருக்கிறது, மூக்குக்கண்ணாடிக் கூடு, நடையில் இடுப்பு வலி, சர்க்கரை இல்லாத காபி கேட்கிறவர், தந்தால் பிஸ்கட் இரண்டு எடுத்துக்கொள்கிறவர். இப்படிப் பார்த்துக்கொண்டே நடந்தவன் தான் நின்றுவிட்டதைப் பார்க்கவில்லை. அவர் தடத்தைக் குறுக்கே கடக்க வந்தார், அவன் ஓர் எட்டு ஒதுங்கி, புல்லோரம் முதுகைக் காட்டி, இரு கைகளையும் முன்னால் கோத்து, தலையை இரண்டு விரற்கடை தாழ்த்தி, ஹோட்டல் நடையில் விருந்தினர் வரும்போது நிற்பது போலவே நின்றான். அவர் அவன் தடத்தின் நடுவில் வந்து நின்று, பாக்கெட்டில் அடித்த போனை எடுத்து, "சொல்லும்மா, அந்த கேஸ் சிலிண்டரு வந்துச்சா?" என்று பேச ஆரம்பித்தார். பிரிட்டோ காத்திருந்தான். அவர் சிலிண்டர்காரனைத் திட்டினார். பிரிட்டோ மரியாதையாகக் காத்திருந்தான். மாதேஸ்வரன் பின்னாலிருந்து வந்து, இருவரையும் சுற்றிக்கொண்டு போகும்போது, "பாஸு, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?" என்றான். அப்போதுதான் அதிகாரியும் திரும்பினார். "ஏன்பா நிக்கிற?" "நீங்க போங்க சார்." "நான் எங்க போறது, நீதான்யா போகணும்!" ரத்தம் காதுக்கு ஏறியது. முப்பது விநாடி, முப்பத்தைந்து விநாடி, என்ன காரியம் செய்தேன், கால் தானாகத் துள்ளிவிட்டது, இரண்டு எட்டு, மூன்று எட்டு, வளைவில் சிவப்புக் கொடியோடு நின்றவர் கொடியை உயர்த்திவிட்டார். "நாப்பத்தேழு! ஓடுறீங்க. ஒண்ணு ஆச்சு." ஒன்று ஆயிற்று. இன்னொன்றுதான் பாக்கி. நடை, நடை, நடை. கோட்டைத் தாண்டும்போது, "எட்டு அஞ்சு!"

எட்டு ஐந்து. ஏழரைக்கு வந்திருக்க வேண்டும். இனி தளும்பாத வேகத்தில் போனால் போய்ச் சேரலாம், பதினைந்துக்குள் போய்ச் சேர முடியாது. கறுப்புக் கோட்டு உறைக்குள் ஒரு தடவை அசைந்தது. பாலகோபால் சார் கெட்டவர் இல்லை, தேர்வு எழுதப் போகிறேன் என்றபோது, "நல்லா யோசிச்சுக்கோ பிரிட்டோ, இங்க எல்லாரும் உன்னைப் பாத்தா சந்தோஷப்படறாங்க, அங்க போனா உன்னைப் பாத்து எல்லாரும் பயப்படுவாங்க" என்று மட்டும்தான் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அந்தப் பதினாலாம் மேசைக்காரன் அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டானே. வந்துவிட்டது, வேண்டாம் என்று தள்ளத் தள்ள வந்துவிட்டது, சரி வரட்டும். ஜன்னலோர மேசை. இரண்டு சனிக்கிழமைகள். மடிப்புக் கலையாத சட்டை, பால் சேர்க்காத காபி மூன்று வாங்குவான், ஒன்றையும் குடிக்க மாட்டான். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, டேட்டா என்ட்ரி, தங்க இடம், சாப்பாடு என்று ஆள் சேர்ப்பான். எதிரே வந்து உட்காருகிறவர்கள் நாற்காலி நுனியில் உட்காருவார்கள், குளிர்சாதனக் காற்றில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள், தண்ணீரைத் தொடமாட்டார்கள், அதற்கும் ஏதாவது கேட்பார்களோ என்று. அவள் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தாள். செண்பகவல்லி. பெயர் பின்னால்தான் தெரிந்தது. முப்பது வயதிருக்கும், கஞ்சி போட்ட மாம்பழ நிறச் சுங்குடிப் புடவை. அந்த ஆள் போன் பேச வெளியே போன நேரம், அவள் பிரிட்டோவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள், "அண்ணாச்சி, இவங்க இங்க அடிக்கடி வருவாங்களா? நல்ல ஆளுங்கதானா? உங்களுக்குத் தெரியுமா?" அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு. ஹோட்டல் தந்தது, கண்ணுக்கு ஏறாது, பல் எட்டுத் தெரியும். "எல்லாம் நல்லபடியா அமையும் மேடம். லைம் ஜூஸ் கொண்டு வரட்டுமா? உப்பா, இனிப்பா?" உப்பு என்றாள். உப்பா இனிப்பா. அதற்கு முந்திய சனிக்கிழமையே அவன் பார்த்துவிட்டான், சேர்த்து வாங்கிய பாஸ்போர்ட்டுகளை அந்த ஆள் எண்ணிக்கூடப் பார்க்காமல் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் எறிந்து வைத்திருந்ததை, ஒருத்தர் திருப்பிக் கேட்டபோது, அப்புறம் அப்புறம் என்று சாம்பாரைத் தொட்டதை. பார்த்தான். பார்த்துவிட்டு என்ன செய்தான்? மேசை துடைக்க வேண்டியிருந்தது. பதினோரு பாஸ்போர்ட்டுகளையும் அவன்தான் சேர்த்து, ஓரம் தட்டி, சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, அந்த ஆளின் கைப்பக்கம் நகர்த்தி வைத்தான். மேசை சுத்தமாக இருக்க வேண்டும். அந்த ஆள், "தேங்க்ஸ்பா" என்று சந்தோஷப்பட்டான். பாலகோபால் சாரிடம் சொன்னபோது, "நாம தட்டைத்தான் பாக்கணும் பிரிட்டோ, முகத்தை இல்ல" என்றார். சரி சார் என்று தட்டைப் பார்த்தான். ஐந்து மாதம் கழித்து விசாரணைத் துறையிலிருந்து மூன்று பேர் சாதா உடையில் வந்தார்கள், வேலைக்குப் போனவர்கள் அங்கே அடைபட்டுக் கிடக்கிறார்களாம், தலைமையாக வந்த அம்மா போட்டோக்களை மேசையில் பரப்பினார். அவன் சொல்லச் சொல்ல அவருடைய பேனா நின்றுவிட்டது. எத்தனை பாஸ்போர்ட்? பதினொன்று மேடம். ஒன்றின் அட்டை ஓரம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. அந்த ஆள் இடது கையால் கையெழுத்துப் போடுவான், மோதிரத்தைத் திருகிக்கொண்டே பேசுவான், இரண்டாம் சனிக்கிழமை அவனோடு வந்தவன் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டான், நான் தண்ணீர் கொடுத்தேன். "இவ்வளவு எப்படிய்யா ஞாபகம்?" "யாருக்கு என்னன்னு மறந்தா வேலை போயிடும் மேடம்." அவர் ஃபைலை மூடினார், "வயசு என்ன?" முப்பது மேடம். "டிகிரி இருக்கா?" இருக்கு மேடம். "அப்பப் பரீட்சை எழுதலாமே," வெயில் அதிகமாகத்தான் இருக்கிறது என்பது போலச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இரண்டு வருஷம், மதிய ஷிஃப்டுக்கும் இரவு ஷிஃப்டுக்கும் இடையில் துணி மாற்றுகிற அறையில், நாப்கின் மூட்டை மேல் உட்கார்ந்து படித்தான்.

அவள் திரும்பி வந்துவிட்டாள். இதை எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் உள்ளே ஒரு கதவு திறந்து காற்று வருகிறது, திரும்பி வந்துவிட்டாள், ஏழு மாதம் கழித்து, மெலிந்து, ஆனால் வந்துவிட்டாள், அந்தப் பதினோரு பாஸ்போர்ட்டுக்காரர்களும்கூட. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட இருவரையும் ஒரே நாள் வரச்சொல்லியிருந்தார்கள், அந்த அலுவலகத்து நீள பெஞ்சில் அவள்தான் அவனை முதலில் அடையாளம் கண்டாள். "அந்த ஹோட்டல் அண்ணாச்சிதானே? உப்பா இனிப்பான்னு கேட்டீங்க. நம்ம ஊர்ல கடைசியாக் குடிச்சது அந்த ஜூஸுதான். அங்க கெடந்தப்ப எத்தனையோ நாள் அதை நெனச்சுக்கிடுவேன்." திட்டியிருந்தால் தேவலை. அவன், "நான் அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்மா" என்றான். "உங்களுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி, பாவம்," என்றாள் அவள், "இப்ப பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கடையில இருக்கேன். நான் சொன்னதும் நீங்க சொன்னதும் அப்படியே ஒத்துப்போச்சுன்னு மேடம் சொன்னாங்க, அதான் அவனால தப்பிக்க முடியலையாம்." உங்களுக்கு என்ன தெரியும். தெரியும் அம்மா. எனக்குத் தெரியும். தெரிந்துதான் உப்பா என்று கேட்டேன். பார்க்கிற கண் இருந்தது, நிறுத்துகிற வாய்தான் இல்லை. அந்த வாயைத் தேடித்தான் இந்தச் செம்மண்ணில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். "பதினொண்ணு நாப்பத்திரண்டு!" கோடு காலுக்குக் கீழே போயிற்று. மூன்று நிமிஷம் பதினெட்டு விநாடி இருக்கிறது. அவன் ஒரு நாளும் அந்த நேரத்தில் ஒரு சுற்றை முடித்ததில்லை.

தளும்பட்டும். இந்த ஒற்றைச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்தது. தளும்பட்டும், சாசர் நிறையட்டும், நடையெல்லாம் காபி சிந்தட்டும், யாராவது துடைப்பார்கள். இடது கையைக் கீழே போடு. போட்டான். அது ஒரு கணம் தொங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் முழித்து, மறுபடி மடியப் பார்த்தது. போடு என்றேன். முழங்கை நீண்டது, தோள் கழன்ற மாதிரி இருந்தது, பிறகு கை முன்னால் போயிற்று, பின்னால் போயிற்று, அது போகப் போக எதிர்ப்பக்கத்துக் காலும் நீண்டது, அடடா, இதுதானா, எல்லோரும் இப்படித்தான் நடக்கிறார்களா, இத்தனை வருஷமாகப் பாதி உடம்பால் நடந்திருக்கிறேனே. குதிகால் குத்தி, விரல் தள்ளி, இடுப்பு உருள. சிவப்புக் கொடிக்காரர் குனிந்து அவன் காலையே பார்த்தார், பார்க்கட்டும், ஒரு கால் தரையில் இருக்கிறது, எப்போதும் ஒன்று இருக்கிறது, கொடி தொடையோடு தொங்கியது, எழவில்லை, தாண்டியாயிற்று. கெண்டைக்கால் எரிந்தது. வாயில் இரும்பு ருசி. வேப்பமரம் வருகிறது, அதற்கு அப்பால் கடைசி நேர்கோடு, நேர்கோட்டின் நடுவில் மூன்று பேர் தடத்தை அடைத்துக்கொண்டு போகிறார்கள், களைத்துப்போன மாதேஸ்வரனும் ஐம்பத்திரண்டும், அவர்களுக்குப் பக்கத்தில் நடந்தபடி அட்டையில் எதையோ எழுதிக்கொண்டு அதே பெரிய அதிகாரியும். அவர் ஓரத்தில் நடக்கவில்லை, உள்கோட்டின் மேலேயே நடந்தார். வெளியே சுற்றிப் போனால் ஐந்து விநாடி. அந்த ஐந்து விநாடி அவனிடம் இல்லை. பழைய வாய் திறந்தது, எக்ஸ்கியூஸ் மீ சார் என்பதற்கு உதடு குவிந்துவிட்டது, அந்தச் சொல்லின் இனிப்புகூட நாக்கில் வந்துவிட்டது, உப்பா இனிப்பா, மாம்பழ நிறப் புடவை, ஓரம் கிழிந்த அட்டை, என் கைதான் நகர்த்தியது, என் கை. "ஒதுங்குங்க!" யார் கத்தியது என்று அவனே பார்த்தான். அவன்தான். நெஞ்சுக்கும் கீழே எங்கேயோ கிடந்த குரல், திண்டுக்கல் மீன் சந்தையில் ஏலம் விட்ட அவன் அப்பாவின் குரல், இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்ததோ. "சார், வழியில நிக்காதீங்க! ஒதுங்குங்க!" மாதேஸ்வரன் வலது பக்கம் பாய்ந்தான், ஐம்பத்திரண்டு அவன் மேல் மோதினான், அதிகாரி அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு புல்லுக்குத் தாவினார், மூன்று பேர் விட்ட இடைவெளியில் கதவு திறந்தாற்போல் வெளிச்சம் தெரிந்தது, பிரிட்டோ அதற்குள் நடந்து போனான். ஓடவில்லை. நடந்தே போனான்.

கோட்டைத் தாண்டியும் கால் நிற்காமல் பத்தடி போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். செம்மண்ணில் வியர்வை சொட்டுச் சொட்டாக விழுந்தது, விழட்டும். மேலேயிருந்து ஒரு நிழல் வந்தது. பரீட்சை அட்டை. "நாப்பத்தேழு. யாரை ஒதுங்கச் சொன்னீங்கன்னு தெரியுமா?" மன்னிப்பு தொண்டை வரை வந்து நின்றது, வாலாட்டியது. அவன் நிமிர்ந்தான். "தெரியும் சார். நீங்க உள்கோட்டுல நின்னீங்க." அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. "அந்த ரெண்டாவது சுத்துல இந்தக் குரல் எங்கய்யா போச்சு? சிலிண்டர் கதையெல்லாம் கேட்டுட்டு நின்ன." பிறகு ஸ்டாப் வாட்ச்காரரைப் பார்த்து, "என்னப்பா இவருக்கு?" "பதினாலு அம்பத்தெட்டு சார்." "எழுதிக்க." அவ்வளவுதான், திரும்பி நடந்தார். இடுப்பு வலிதான், சந்தேகமில்லை. பதினைந்தாவது நிமிஷத்தின் விளிம்பில் உள்ளே விழுந்த மாதேஸ்வரன் புல்லில் மல்லாந்து கிடந்து, "பாஸு, கோழி பறந்துருச்சா?" என்றான். பறந்துவிட்டது. இன்னும் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, கடைசிப் பட்டியல் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, நிறுத்த வேண்டிய ஆட்கள் வரிசையாக இருக்கிறார்கள், எல்லாம் இருக்கட்டும், இன்றைக்கு இருந்தது இது ஒன்றுதான். வாசலுக்கு நடந்தான். இரண்டு கையும் வீசிக்கொண்டிருந்தது, கொஞ்சம் அதிகமாகவே வீசியது, புதிதாகக் கிடைத்த கை மாதிரி. வாசலில் அடுத்த அணி பெண்கள். எண் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்த ஒரு பெண், ஊக்கை உதட்டில் கடித்தபடி அவனைப் பார்த்து, "சார், உள்ள எப்படி சார்? கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு. எட்டுப் பல்லும் தயாராக வரிசைக்கு வந்தன, எல்லாம் நல்லபடியா அமையும் மேடம். அவன் வாயை மூடினான். சாலைக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின் எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிரிட்டோ நின்றான். "கஷ்டம்தான்மா. உங்களுக்கு எத்தனை மீட்டர்? ஆயிரமா? முதல் வரிசையில நில்லுங்க, யார் வந்தாலும் இடம் விடாதீங்க. வேப்பமரத்துக்கிட்ட மண்ணு ஈரமா இருக்கு, அங்க வெளிப்பக்கமா நடங்க. ரெண்டாவது வளைவுல நிக்கிற சிவப்புக் கொடிக்காரர் முழங்காலைத்தான் பாக்கிறாரு, பயத்துல கால் தானா துள்ளும், துள்ள விடாதீங்க, ஒரு தடவைதான் மன்னிப்பாங்க. யாராவது குறுக்க வந்தா சத்தமாச் சொல்லுங்க. பெரிய சாரே ஆனாலும் சொல்லுங்க." அவள் ஊக்கை உதட்டிலிருந்து எடுத்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள், முன்வரிசையைப் பார்த்துப் போனாள். சாலையைக் கடந்தான். ரோஸ்லின் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, பாட்டிலை நீட்டினாள், கண்ணைத் துடைத்தாள், அது தெரியக் கூடாதென்று வாயைத் திறந்தாள். "பாஸாகிட்டு நேரா பொண்டாட்டிகிட்ட வராம அந்தப் பொண்ணோட என்ன அவ்வளவு நேரம் பேச்சு?" அவன் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தான். உப்பு.

"கேட்டாங்க," என்றான். "சொன்னேன்."